‘கொல்லை’யைக் காணோம்: ஓடி கட்டளையும் தமிழ்க் கோப்புகளும்

யூனிக்ஸ் கட்டளைகளில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கிரெப், செட், ஆக் என்று பெரிய பெயர்களை நான் சொல்ல மாட்டேன். ஓடி என்பேன். ஆக்டல் டம்ப் என்பதன் சுருக்கம். 1971ஆம் ஆண்டு யூனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டிலேயே இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால் அதில் உள்ள பைட்டுகளை வரிசையாக எண்களாகக் கொட்டும். அவ்ளோதான் அதன் வேலை. ஷெல் மொழியை எழுதிய ஸ்டீவ் போர்ன், ‘இஃப்’பைத் திருப்பிப் போட்டு ‘ஃபி’ என்றும், ‘கேஸ்’ஸைத் திருப்பிப் போட்டு ‘எஸாக்’ என்றும் முடித்தவர், ‘டூ’வை மட்டும் திருப்ப முடியாமல் ‘டன்’ என்று வைத்தார். திருப்பினால் ஓடி வந்துவிடும், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்கிறார். அவ்வளவு பழைய ஆள்.

இந்தக் குறிப்பில் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். முனையத்தில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேவைப்பட்ட ஒரு கதை சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி ஒரு பழைய உரைநடை நூலுக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருந்தார். நூலின் தட்டச்சுப் பிரதி ஒரே கோப்பாகக் கிடைத்திருந்தது. தேடிப் பார்த்ததில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை நூலின் முதல் பாதி ‘புழக்கடை’ என்று மட்டுமே சொல்கிறது. ‘கொல்லை’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. பின்பாதியிலோ ‘கொல்லை’ அடிக்கடி வருகிறது. வட்டார வழக்கு மாறுகிறது, ஆகவே பின்பாதி வேறொரு கையால் எழுதப்பட்டிருக்கலாம் என்பது அவர் கருதுகோள். கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது. “அண்ணா, மேலோட்டமா சொல்லல. கிரெப் போட்டுத்தான் பாத்தேன். சுத்தமா பூஜ்யம்” என்றார்.

இந்தப் ‘பூஜ்யம்’தான் எனக்கு உறுத்தியது. ஒரு சொல் இருக்கிறது என்று காட்ட ஓர் இடத்தைக் காட்டினால் போதும். இல்லை என்று சொல்வது அப்படியில்லை. தேடிய கருவி எதைத் தேடியது, கோப்பில் என்ன இருக்கிறது, இரண்டும் ஒன்றா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ‘இல்லை’ நிற்கும். “அதே முதல் பாதியில ‘கொண்டு’ எத்தனை தடவை வருதுன்னு பாரும்மா” என்றேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: அதுவும் பூஜ்யம். ‘போய்’ பூஜ்யம். ‘தொட்டு’ பூஜ்யம். ‘கொண்டு’ இல்லாமல் நூறு பக்கத் தமிழ் உரைநடையை யார் எழுத முடியும்?

கோப்பை அனுப்பச் சொல்லி, கண்ணால் ‘கொல்லை’ தெரிந்த ஒரு வரியை முதல் பாதியிலிருந்து வெட்டி எடுத்து ஓடியிடம் கொடுத்தேன். (ஆமாம், கண்ணால் பார்த்தால் தெரிந்தது. கிரெப்புக்குத்தான் தெரியவில்லை.)

ஓடியை வெறுமனே இயக்கினால் வருவது கொஞ்சம் பயமுறுத்தும். பிறந்த காலத்து வழக்கப்படி இரண்டிரண்டு பைட்டைச் சேர்த்து ஒரே எண்ணாக, அதுவும் எண்ம முறையில், அதாவது 0 முதல் 7 வரையிலான இலக்கங்களில் காட்டும். இடப்பக்கம் வரும் முகவரியும் எண்மம்தான். அதனால்தான் இரண்டாவது வரி 16 என்று இல்லாமல் 20 என்று தொடங்கும். நமக்கு வேண்டியது ஒவ்வொரு பைட்டும் தனித்தனியாக, சாதாரணப் பதின்ம எண்ணாக. அதற்கு இப்படி:

ஓடி -ஏ டி -டி யூ1 -டபிள்யூ15 கோப்பு

‘ஏ’ பெரிய எழுத்து. முகவரியைப் பற்றிய குறி அது. அடுத்து வரும் ‘டி’ டெசிமல் என்பதன் முதலெழுத்து. அதற்கடுத்த ‘டி’ டைப் என்பதன் முதலெழுத்து, ‘யூ1’ என்றால் குறி இல்லாத ஒரு பைட் எண். கடைசியில் உள்ள ‘டபிள்யூ’ ஒரு வரியில் எத்தனை பைட் என்பதற்கு. வழக்கமாக 16 வரும்; நான் 15 வைக்கிறேன். காரணம் இப்போது தெரியும்.

யூடிஎஃப்-8 முறையில் எழுதிய கோப்பில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 15ஐ மூன்றால் வகுத்தால் மீதியில்லை, ஒரு வரிக்குச் சரியாக ஐந்து குறி அடங்கும். 16 வைத்தால் பெரும்பாலான வரிகளில் ஓர் எழுத்து இடுப்பில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். இடையில் ஒரு காலியிடமோ ஆங்கில எழுத்தோ வந்தால் வரிசை ஒரு பைட் தள்ளிப்போகும்தான். ஆனாலும் ஒற்றைச் சொல்லைப் பார்க்க 15 போல வசதி வேறில்லை. இந்த டபிள்யூ வசதி குனு ஓடியில் உண்டு, எல்லா ஓடியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் விம் தொகுப்பியோடு வரும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் ‘-சி 15’ என்று கொடுக்கலாம். அது பதினறுமத்தில், ஹெக்ஸ் என்கிறோமே, அதில் காட்டும். ஹெக்ஸ் பழகியவர்களுக்கு அதுவே சௌகரியம். எனக்குப் பதின்மத்தில் எண்கள் முகம் பழகிவிட்டன.

நான் என் விசைப்பலகையில் தட்டிய ‘கொல்லை’ இப்படி வந்தது:

0000000 224 174 149 224 175 138 224 174 178 224 175 141 224 174 178
0000015 224 175 136 10
0000019

மாணவியின் கோப்பிலிருந்து எடுத்த ‘கொல்லை’:

0000000 224 174 149 224 175 134 224 174 190 224 174 178 224 175 141
0000015 224 174 178 224 175 136 10
0000022

ஒன்று 19 பைட், இன்னொன்று 22. இரண்டிலும் கடைசியில் உள்ள 10 வரி முடிவுக்குறி, அதை விட்டுவிடலாம். மூன்று பைட் வித்தியாசம், அதாவது ஒரு குறி அதிகம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

எண்களைப் படிப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 128க்குக் குறைந்த எண் வந்தால் அது பழைய ஆஸ்கி: ஆங்கில எழுத்து, இலக்கம், காலியிடம் (32), வரி முடிவு (10) போன்றவை. 224 வந்தால் மூன்று பைட் சேர்ந்த ஒரு குறி தொடங்குகிறது என்று பொருள். அதற்குப் பின் வரும் இரண்டும் 128க்கும் 191க்கும் நடுவில்தான் இருக்கும். குறியெண்ணைக் கண்டுபிடிக்க இரண்டாவது பைட்டில் 128ஐக் கழித்து 64ஆல் பெருக்கி, மூன்றாவதில் 128ஐக் கழித்துக் கூட்ட வேண்டும். 224 174 149க்குச் செய்து பாருங்கள்: 46ஐ 64ஆல் பெருக்கினால் 2944, கூட 21, மொத்தம் 2965. யூனிகோட் அட்டவணையில் அது ‘க’.

தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, 128 கட்டங்கள். அது சரியாக இரண்டு 64களாகப் பிரிகிறது. ஆகவே தமிழில் இரண்டாவது பைட் 174 அல்லது 175, மூன்றாவதாக ஒன்று கிடையாது. 174 வீட்டில் ஆய்தம், உயிர், மெய் வரிசை, அப்புறம் கால், இகரக் கொக்கி. 175 வீட்டில் ஈகாரம் தொடங்கி மற்ற துணைக்குறிகள், புள்ளி, தமிழ் இலக்கங்கள். கொஞ்ச நாள் பார்த்தால் 175 141 என்று கண்டதும் ‘புள்ளி’ என்று வாய் சொல்லும்.

இப்போது இரண்டு ‘கொல்லை’களுக்கு வருவோம். என்னுடையதில் ககரத்துக்குப் பின் 175 138: ஒகரத்துக்கென்றே உள்ள ஒற்றைக் குறி. அவருடையதில் 175 134, பிறகு 174 190: கொம்பு தனி, கால் தனி. பலகையில் எழுதும்போது நாம் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாகத்தானே போடுகிறோம், அந்த நினைவில் இது விசித்திரமாகக்கூடத் தோன்றாது. யூனிகோட் இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. இரண்டும் சமம் என்று எழுதியும் வைத்திருக்கிறது. ஓகாரமும் அப்படித்தான், இரட்டைக்கொம்பும் காலும். ஔகாரக் குறிக்கும் ஒரு பிரிந்த வடிவம் உண்டு. ஆனால் சமம் என்று யூனிகோட் சொல்வது ஒன்று, கிரெப் செய்வது இன்னொன்று. கொடுத்த குறிவரிசை அப்படியே இருக்கிறதா என்றுதான் கிரெப் பார்க்கும். 138ஐத் தேடு என்றால் 134ஐயும் 190ஐயும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை அதற்கில்லை.

விளைவு ‘கொ’ கிடைக்காமல் போவதோடு நிற்காது என்பதுதான் இதில் மோசம். பிரிந்த வடிவத்தில் ‘கொ’வின் முதல் ஆறு பைட்டும் ‘கெ’ தான். ஆக அந்தக் கோப்பில் ‘கெ’ என்று தேடினால் கெ, கொ இரண்டும் சேர்ந்து வரும். ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் வீக்கம். எழுத்து அடுக்கு நிகழ்வெண் எடுத்துப் புள்ளியியல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அகரவரிசையிலும் தெரியும். பைட் வரிசைப்படி அடுக்கினால் ஒழுங்கான கோப்பில் கெ, கே, கை, கொ, கோ என்று வரும். பிரிந்த கோப்பில் ‘கொ’ச் சொற்கள் எல்லாம் ‘கெ’ப் பகுதியின் வாலில் போய் உட்காரும். ஏன் வாலில் என்றால், கெகரத்துக்குப் பின் வரும் மெய்களின் மூன்றாவது பைட் 185க்கு மேல் போகாது, காலுக்கோ 190. அதேபோல ‘கோ’ எல்லாம் ‘கே’யின் வாலில். மாணவி எடுத்து வைத்திருந்த சொற்பட்டியலைத் திறந்து பார்த்தால் ‘கெடுதி’, ‘கெண்டை’, ‘கெளுத்தி’ எல்லாம் முடிந்த கையோடு ஒரு ‘கொக்கு’ நின்றுகொண்டிருந்தது. ‘கையிலே’ அதற்குப் பின்னால்தான் வந்தது. ஓடியே வேண்டாம், பட்டியலைப் பார்த்தே சொல்லியிருக்கலாம் போல.

ஒரு கோப்பில் பிரிந்தவை எத்தனை என்று எண்ண ஒரு வழி: பிரிண்ட்எஃப் கட்டளைக்குப் பைட்டுகளை எண்மத்தில் கொடுக்கலாம். பின்சாய்வுக்கோடு போட்டு 340, 257, 206, 340, 256, 276 என்று ஆறும் கொடுத்தால் பிரிந்த கொம்பும் காலும் கிடைக்கும். அதைக் கிரெப்புக்கு ‘-ஓ’ குறியோடு தேடுசொல்லாகக் கொடுத்து வரிகளை எண்ண வேண்டியதுதான். எண்மத்துக்கு மாற்றச் சோம்பலாக இருந்தால் ஓடியையே ‘-பி’ என்ற குறியோடு இயக்குங்கள், பைட் பைட்டாக எண்மத்தில் தரும். கிழவரின் பழைய பழக்கம் இங்கே உதவுகிறது.

முதல் பாதி மட்டும் ஏன் பிரிந்தது? பிரதி இரண்டு பேரால் வெவ்வேறு காலத்தில் தட்டப்பட்டு ஒட்டப்பட்டது என்பது அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. முதல் பாதி பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழுக்கு ஏகப்பட்ட குறியாக்கங்கள் புழங்கின: திஸ்கி, 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இவற்றோடு பாமினி மாதிரி எழுத்துருவோடு ஒட்டிப்பிறந்தவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் யூனிகோடுக்கு முன் திஸ்கியில்தான் வந்தன. திஸ்கியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. ‘கொ’ என்றால் 166 184 161: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். மாற்றி நிரல் எழுதியவர் கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்து வரும் காலோடு அதைச் சேர்த்து ஒரே குறியாக்க மறந்தால் வருவது சாட்சாத் நம் 134, 190. திரையில் சரியாகத் தெரிவதால் அவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

இந்தப் பழைய குறியாக்கங்களை அடையாளம் காணவும் ஓடிதான் குறுக்கு வழி. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8இல் 15 பைட். திஸ்கியில் நாலே நாலு: 190 193 162 250. ழகரமெய்க்குத் தனியாக ஒரு பைட் என்பதால் புள்ளிக்கு வேலையில்லை. பாமினியில் ஐந்து: 106 107 112 111 59. எல்லாம் 128க்குக் கீழே, கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் கிறுக்கல்தான். ஆகவே எண்கள் எல்லாம் 128க்குக் கீழே இருந்து, படித்தால் அர்த்தமில்லாத ஆங்கிலமாக இருந்தால் பாமினி வகையறா. 160க்கு மேல் எண்கள் நெருக்கமாக வந்து 224 174 என்ற தாளம் இல்லாவிட்டால் திஸ்கி வகையறா என்று சந்தேகிக்கலாம். திஸ்கி என்றால் லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கே அது தெரியும், மாற்றித் தரும். ஒன்று விட்டு ஒன்று 11, 11 என்று வந்தால் அது யூடிஎஃப்-16. அதில் ககரம் 149 11.

சரி, மருந்து என்ன? யூனிகோடில் இதற்கு இயல்பாக்கம் என்று பெயர், நார்மலைசேஷன். என்எஃப்சி என்ற வடிவுக்கு மாற்றினால் பிரிந்தவை எல்லாம் சேர்ந்துவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயல்கூறு ஒரே வரியில் செய்யும். மூலக் கோப்பின் மேலேயே எழுதாமல் வேறு பெயரில் சேமியுங்கள். தேடுசொல்லையும் அதே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டித் தேடினால் இப்போது எதிர்ப்பக்கம் பூஜ்யம் வரும்.

மாணவியின் கோப்பை அப்படி மாற்றிய பிறகு முதல் பாதியிலும் ‘கொல்லை’ வந்தது. புழக்கடையும் இருக்கிறது, கொல்லையும் இருக்கிறது, நூல் முழுக்க இரண்டும் கலந்தே. இரண்டு கைகள் என்ற கருதுகோளுக்கு இந்தச் சொல் தந்த ஆதாரம் போய்விட்டது. நல்லவேளையாக முழுக் கட்டுரை கொடுப்பதற்கு இன்னும் நாள் இருந்தது.

என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. யூனிகோட் எதைச் சமம் என்று அறிவித்திருக்கிறதோ அதை மட்டும்தான் சேர்க்கும். நம் கண் சமம் என்று நினைப்பதை அல்ல. ஸ்ரீ ஒரு நல்ல உதாரணம். பெரும்பாலும் ஸகரமெய்யோடு ரீ சேர்த்து எழுதியிருப்பார்கள்: 224 174 184 என்று தொடங்கும். 2005இல் யூனிகோட் 4.1 வந்தபோது ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்தது, அதன் பின் அந்த எழுத்தின் மெய்யோடு ரீ சேர்த்து எழுதும் வழியும் வந்தது: 224 174 182. இரண்டுக்கும் பல எழுத்துருக்கள் அதே ஸ்ரீ வடிவத்தைத்தான் காட்டும். என்எஃப்சி இரண்டையும் தொடாது. ஸ்ரீரங்கம் பற்றிய ஆவணங்களில் பாதி தேடலில் விழாமல் போக இது ஒன்றே போதும். எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவுசெய்து மாற்ற வேண்டியதுதான்.

இதைவிடச் சங்கடம், காலுக்குப் பதில் ரகரம் போட்டிருப்பது. ஒளிவழி எழுத்துணரி கொடுத்த பிரதிகளில் சாதாரணம். 190 இருக்க வேண்டிய இடத்தில் 176. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும், அதாவது 148க்குப் பதில் 146, பின் 179. ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் இலக்கம் ஏழு, அப்போது இரண்டாவது பைட் 174க்குப் பதில் 175 ஆகிவிடும். ‘க’வுக்கும் தமிழ் ஒன்றுக்கும் இதே கதை. இவற்றைத் திரையில் உற்று உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. பைட்டில் பளிச்சென்று தெரியும். வேறு தளங்களிலிருந்து வெட்டி ஒட்டிய உரைகளில் 226 128 140 என்று ஒன்று ஒளிந்திருக்கும். அது அகலமில்லாத பிரிப்பான், திரையில் எதுவுமே தெரியாது. சொல் நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சொல் தேடலுக்கு இல்லை. 194 160 வந்தால் உடையாத காலியிடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தமிழைக் கடுமையாகப் பிடிக்கும் ஒரு வினை. யூடிஎஃப்-8 கோப்பை ஒரு நிரல் தவறாக விண்டோஸ்-1252 என்று நினைத்துத் திறந்து, மறுபடி யூடிஎஃப்-8ஆகச் சேமித்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி இரட்டைக் குறியாக்கம் ஆகிவிடும். 224 இருந்த இடங்களில் எல்லாம் 195 160 என்று நிற்கும். திரையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகள். அதைத் தலைகீழாகச் செய்து மீட்கலாம் என்பார்கள். மீட்கலாம், ஒரு நிபந்தனையோடு. விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எழுத்தே கிடையாது. தமிழில் மூன்றாவது பைட்டாக 141 வருவது எது? புள்ளி. 129 எது? உகரக் குறி. 143 ஏகாரம், 144 ஐகாரம். ஒவ்வொரு வரியிலும் வருகிற புள்ளியும் உகரமும் போய் அந்த ஓட்டை மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. சில நிரல்கள் எழுத்தில்லாத எண்ணை அப்படியே கடத்திவிடும், அப்போது பிழைத்தோம். சில நிரல்கள் அங்கே கேள்விக்குறி போட்டுவிடும். மீட்கப் போகும் முன் ஓடியில் பாருங்கள்: புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 63 தெரிந்தால் அந்தப் பைட் போனது போனதுதான். அங்கே புள்ளியா, உகரமா என்பதைச் சொல் சொல்லாகப் படித்து ஊகிக்க வேண்டும். ‘அவன்’, ‘அவனு’ என்று திண்டாட வேண்டும்.

ஓடியைப் பற்றி மிச்சமிருப்பது சில்லறை விஷயங்கள்தான். நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக்குறி மட்டும் வந்தால் மேல்வரியே திரும்பத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். முழுதும் வேண்டுமானால் ‘-வி’ சேருங்கள். பெரிய கோப்பில் முதல் சில பைட் போதும் என்றால் பெரிய ‘என்’ போட்டு எண்ணைக் கொடுங்கள். நடுவிலிருந்து வேண்டுமானால் சிறிய ‘ஜே’. கோப்பு 239 187 191 என்று தொடங்கினால் அது பிஓஎம். சொல்லடைவின் முதல் சொல் மட்டும் தேடலில் அகப்படாமல் அடம்பிடிப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். உரைக்கோப்பு என்று வந்தது 80 75 3 4 என்று தொடங்கினால் அது ஜிப், அநேகமாகப் பெயர் மாற்றிய வேர்டு கோப்பு. 37 80 68 70 என்றால் பிடிஎஃப்.

மாணவியின் நூலில் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இன்னும் மிச்சமிருக்கிறது. முதல் பாதியில் ‘அய்யர்’, பின்பாதியில் ‘ஐயர்’. இது குறியாக்கக் கோளாறு இல்லை. பைட்டுகள் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கின்றன. நூலாசிரியர் எழுதியதா, இரண்டு தட்டச்சர்களின் பழக்கமா என்பதை ஓடி சொல்லாது. அதற்கு அச்சுப் பதிப்பைப் பார்க்க வேண்டும். பிரதி இருக்கும் நூலகத்துக்குப் போக அடுத்த வாரம் ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறார். பார்க்க வேண்டிய பக்கங்களின் பட்டியலை நேற்று இருவரும் உட்கார்ந்து எடுத்தோம். ‘அய்’, ‘ஐ’ இரண்டும் வரும் இடங்கள், இயல்பாக்கிய கோப்பிலிருந்து.